அணியத்தில் நிற்பவள்

1933 ஜூலை மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழில் ஜாக் கால்வின் எழுதிய பயணக் கட்டுரை ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்து டகோமாவிலிருந்து அலாஸ்காவின் ஜூனோ வரை, பதினேழு அடி நீளமே உள்ள ஒரு சிறு படகில் தீவுகளுக்கு இடையே துடுப்புப் போட்டுப் போன கதை. படகின் பெயர் நக்வசினா. பயணம் நடந்த ஆண்டு 1929. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய்க்குட்டி என்று பயணிகளைத் தலைப்பிலேயே அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். அந்தப் பெண் கால்வினின் மனைவி சாஷா.

சாஷாவின் தகப்பனார் ஆண்ட்ரூ கஷவரோஃப், ஜூனோவில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் பாதிரியார். அங்கிருந்த அருங்காட்சியகத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ஆக, ஜாக் வடதிசை நோக்கி ஒரு சாகசத்துக்குப் போனார், சாஷா பிறந்த வீட்டுக்குப் போனார். ஒரே படகு, ஒரே மழை, ஒரே ஈரப் போர்வை, பயணம் மட்டும் இரண்டு. அச்சில் வந்தது ஒன்று. எனக்கென்னவோ வராமல் போன மற்றதன் மேல்தான் ஆசை.

மூன்று வருடம் கழித்து, 1932 கோடையில், இதே தம்பதி கிராம்பஸ் என்ற கொஞ்சம் பெரிய படகில் மறுபடியும் வடக்கே கிளம்பினார்கள். இந்த முறை கூட ஏறிக்கொண்டவர்கள் இருவர். ஒருவர் மான்டரேயில் கடல் உயிரிகளைப் பிடித்துக் கல்லூரிகளுக்கு விற்றுப் பிழைத்த எட் ரிக்கெட்ஸ். மற்றவர் அப்போது வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஜோசப் காம்பெல், பின்னாளில் புராணங்களைப் பற்றி எழுதிப் பெயர்பெற்றவர். நண்பரான நாவலாசிரியர் ஸ்டைன்பெக்கின் மனைவி கேரல் மீது மனம் போய்விட, அந்தச் சிக்கலிலிருந்து விலகி வந்த கையோடு அவர் இந்தப் படகில் ஏறினார். நீர் வற்றும்போதெல்லாம் ரிக்கெட்ஸ் கரையில் இறங்கிக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பிற்பாடு அவரும் ஜாக்கும் சேர்ந்து எழுதி 1939இல் வெளிவந்த 'பிட்வீன் பசிஃபிக் டைட்ஸ்', கடற்கரை உயிர்களை இன வரிசைப்படி அடுக்காமல், யார் யாரோடு எந்தப் பாறையில் குடியிருக்கிறார்கள் என்று இடவாரியாகச் சொன்ன புத்தகம். அதன் அட்டையிலும் சாஷா இல்லை. இருக்கவேண்டும் என்று நான் வழக்காடவில்லை. ஆனால் அந்தக் கரையை அந்தப் படகில் மற்ற மூவரையும்விட அறிந்தவர் அவராகத்தான் இருந்திருக்க முடியும்.

பியூஜெட் சவுண்டில் தொடங்கி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையை ஒட்டி, அலாஸ்காவின் தென்கிழக்கு மூலை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு ஒரு நீர்வழி இருக்கிறது. மேற்கே தீவுகள் வரிசைகட்டி நின்று பசிபிக் அலைகளைத் தடுத்துக்கொள்வதால், உள்ளே ஏரி போன்ற அமைதி. இன்சைட் பேசேஜ் என்பார்கள். சிறு படகில் வரும் வயதான தம்பதிகளுக்கு இதைவிடத் தோதான கடல் உலகத்தில் குறைவு. மே மாதத்தில் கிளம்பினால் செப்டம்பர்வரை ஒவ்வொரு குடாவிலும் ஒரு ராத்திரி என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

நிதானம் என்பது இங்கே நம்முடைய கையிருப்பில் உள்ள பொருள் மாதிரித் தெரியும். உண்மையில் அதைக் கடல்தான் அளந்து கொடுக்கிறது. வான்கூவர் தீவு 450 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. கடல் ஏறும்போது தண்ணீர் இந்தத் தீவின் வடமுனையையும் தென்முனையையும் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமிருந்தும் உள்ளே புகுந்து, நடுவில் எங்கோ சந்திக்கிறது. வற்றும்போது வந்த வழியே திரும்புகிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், நான்கும் நான்கு அளவு. இவ்வளவு தண்ணீரும் சில சந்துகள் வழியாகப் போய்வர வேண்டும். கேம்பல் ரிவர் ஊருக்கு வடக்கேயுள்ள சீமோர் நெரோஸ் முக்கால் கிலோமீட்டர் அகலம்தான். அங்கே ஓட்டம் பதினைந்து நாட் வரை போகும், மணிக்கு 28 கிலோமீட்டர். ஏழு நாட் வேகமுள்ள படகு எதிரே போனால், எஞ்சின் முழுமூச்சாக உறுமிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நகரும். ஆகவே எல்லோரும் ஓட்டம் அடங்கும் வேளைக்காகக் காத்திருக்கிறார்கள். அது சில நிமிடங்கள்தான். ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு அலாஸ்கா போகும் பெரிய சொகுசுக் கப்பல்களும் இந்த ஏற்றவற்ற அட்டவணைக்குக் கட்டுப்பட்டவைதான். மேல்தளத்தில் நடனமாடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே.

முன்பு அந்தச் சந்தின் நடுவில் ரிப்பிள் ராக் என்ற இரட்டைச் சிகரப் பாறை வேறு இருந்தது. கடல் நன்றாக வற்றினாலும் நுனி தண்ணீருக்கு மூன்று மீட்டர் கீழே ஒளிந்திருக்கும். 1875இல் அமெரிக்கப் போர்க்கப்பல் சாரனாக் அதில் மோதி மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் என்று அதன் கணக்கு வளர்ந்தது. மேலேயிருந்து துளைபோட்டுத் தகர்க்கப் பார்த்தார்கள். அந்த ஓட்டத்தில் எந்தத் தெப்பமும் நிலைகொள்ளவில்லை. கடைசியில் பக்கத்து மாட் தீவில் கிணறுபோல இறங்கி, கடலுக்கு அடியில் சுரங்கம் வெட்டிப் போய், கீழேயிருந்து இரண்டு சிகரங்களுக்குள்ளும் ஏறி, 1,200 டன்னுக்கும் அதிகமான வெடிமருந்தை அடைத்தார்கள். 1958 ஏப்ரல் 5 காலையில் கனடா முழுக்க நேரடி ஒளிபரப்பாக அது வெடித்தது. ரிப்பிள் ராக்கின் தலை போயிற்று. ஓட்டம் அப்படியே இருக்கிறது. இன்றும் அட்டவணையைப் பார்த்துத்தான் போகவேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்களைப் படகில் அழைத்துப்போன நண்பர். மாநில ஃபெரிகளில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்றவர். அந்த வெடிப்பைப் பள்ளிப் பையனாகத் தொலைக்காட்சியில் பார்த்தவர். அவர் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். முப்பத்திரண்டு அடிப் படகு, நாங்கள் இரண்டு ஜோடி. இடம் போதாது என்பதை முதல் நாளே நான்கு பேரும் உணர்ந்து, நாகரிகமாக வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். சுக்கான் அவர் பொறுப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடல் வரைபடத்தையும் ஏற்றவற்ற அட்டவணையையும் புரட்டிக் கொடுப்பவன். அவர் மனைவிக்குப் படகின் முன்முனையான அணியமும் நங்கூரமும். என் மனைவி அவருக்குத் துணை.

நங்கூரம் இறக்கும் நேரத்தில் ஒரு தாம்பத்தியத்தின் யோக்கியதை முழுவதும் வெளியே வந்துவிடும். பின்னால் சுக்கான் பிடித்திருப்பவருக்கு எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முன்னால் சங்கிலியை விடுபவருக்கு அவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. இப்போது ஆழம் எட்டு மீட்டர் என்றால், நடுராத்திரி ஏற்றத்தில் பன்னிரண்டு ஆகும். அதற்கும் சேர்த்துச் சங்கிலி விடவேண்டும். விட்ட நீளத்துக்குப் படகு வட்டமடிக்கும், அந்த வட்டத்துக்குள் பாறையோ பக்கத்துப் படகோ இருக்கக்கூடாது. சாயங்காலம் புதிதாக ஒரு படகு குடாவுக்குள் நுழைந்தால், ஏற்கெனவே நிற்பவர்கள் கோப்பையோடு வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இதைவிட நல்ல பொழுதுபோக்கு அங்கே கிடையாது. "பின்னால்! பின்னால்னு சொன்னேன்!" "நீதானே முன்னால்னு கையைக் காட்டினே!" எல்லா மொழிகளிலும் இதே வசனம்தான். எங்கள் நண்பர்கள் கத்துவதில்லை. மூடிய கைமுட்டி என்றால் நிறுத்து, தாழ்த்திய உள்ளங்கை என்றால் மெதுவாக, விரல் நீட்டிய திசையில் திரும்பு. முப்பது கோடைகளில் உருவான பாஷை. ஒரு தடவை மட்டும் அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துச் சும்மா நின்றார். அவர் உடனே எஞ்சினை அணைத்துவிட்டார். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி நானும் மனைவியும் பேசிக்கொள்ளும்போதுதான் விஷயம் உறைத்தது. நான் பார்த்தவை முனைகள், மலைகள், கலங்கரை விளக்கங்கள், எதிரே வரும் கட்டை இழுக்கும் படகுகள். எல்லாம் தூரத்தில் இருப்பவை, பெயருள்ளவை. அவள் பார்த்தவை ஊதா நிற நட்சத்திர மீன்கள், கொட்டலசு அப்பிய பாறையில் தண்ணீர் விட்டுப்போன கோடு, படகின் நிழலில் கூடவே நீந்தி வந்த சொறிமுட்டைகள், மிதக்கும் சீடர் மரத்துண்டு ஒன்றின் மேல் ஏறிக்கொண்டு சவாரி செய்த கடற்பறவை. "ஏங்க, அந்த மரத்தை நீங்க பாக்கவே இல்லையா?" என்றாள். அந்தக் கட்டையில் மோதாமல் விலகிப் போனதே அவள் காட்டிய கையால்தான்.

எங்கள் வழி டெசலேஷன் சவுண்டுக்குப் போயிற்று. கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் 1792 ஜூனில் இங்கே வந்தார். அட்லாண்டிக்குக்குப் போகும் வடமேற்கு வழி எங்காவது திறக்கிறதா என்று ஒவ்வொரு குடாவாகத் துழாவிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு குடாவும் மலையடிவாரத்தில் முட்டி நின்றது. வலையில் மீன் விழவில்லை, மழை விடவில்லை, கரை அவருக்கு இருளடைந்து தெரிந்தது. கூடவே வந்த ஸ்பானியக் கேப்டன்கள் கலியானோவும் வால்டேஸும் அந்த ஊரில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல துணை. பாழ்வெளி என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டுக் கிளம்பினார். அவருடைய ஆட்கள் ஆளில்லாத ஒரு கிராமத்தில் ஏறிப் பார்த்து, தெள்ளுப்பூச்சிகள் மேலெல்லாம் ஏறிக்கொள்ள, உடுப்போடு கடலில் பாய்ந்தார்கள். இதே நீர்ப்பரப்பு 1973 முதல் மாகாணப் பூங்கா. இரண்டு பக்கத்து ஏற்றமும் சந்திக்கும் வட்டாரம் ஆகையால் தண்ணீர் அதிகம் அலைக்கழியாமல் வெயிலில் சூடேறி, ஆகஸ்டில் சுகமாக நீந்தும் அளவுக்கு இருக்கிறது. நூற்றுக்கணக்கான படகுகள் நிற்கின்றன. பாழ்வெளியில் நங்கூரம் போட இடம் கிடைக்கவில்லை என்று மக்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

வான்கூவரைக் குறை சொல்வது சுலபம். அவர் தொழில் முன்னால் பார்ப்பது. அவர் வரைந்த கரைக்கோட்டை வைத்துப் பிறகு எத்தனையோ தலைமுறைகள் கப்பல் ஓட்டின. ஆனால் டிலாமின், க்லஹூஸ், ஹோமல்கோ மக்களுக்கு அது ஊர், தோட்டம், மீன்துறை. அந்த ஆளில்லாத கிராமங்களில் சில, ஐரோப்பியக் கப்பல்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்ட பெரியம்மையால் காலியானவை. சில, வெறுமனே கோடைக்காக ஆட்கள் வேறிடம் போனதால் காலியாக இருந்தவை.

இந்த இரண்டாவது காரணம் முக்கியம். இந்தக் கரையைப் பற்றி எழுதப்பட்ட உல்லாசப் படகுப் புத்தகங்களில் எல்லோரும் முதலில் கையில் திணிப்பது எம். வைலி பிளாஞ்சட்டின் 'த கர்வ் ஆஃப் டைம்'. 1961இல் வந்தது. அதே வருடம் ஆசிரியர் காலமானார். 1920களின் பிற்பகுதியில் அவருடைய கணவர் ஒரு நாள் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனார். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. ஐந்து குழந்தைகள். அந்த அம்மாள் கோடைதோறும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே கப்ரீஸ் என்ற இருபத்தைந்தடிப் படகில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். எஞ்சினையும் அவரே பார்த்துக்கொண்டார். சுக்கானும் அவர், அணியமும் அவர். பல கோடைகளை ஒன்றாகக் குழைத்து எழுதிய அந்தப் புத்தகத்தில் கணவரைப் பற்றி அநேகமாக ஒன்றுமே இல்லை. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். இருவர் கண்ணாலும் ஒருவரே பார்த்ததால்தான் அதில் கரடியும் கார்பரேட்டரும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

ஆனால் அந்தக் கண்ணுக்கும் கோடையில் மட்டும் வரும் கண்ணின் குறை இருந்தது. குவாகுவாகவக்கு மக்களின் குளிர்கால ஊர்களுக்குள் தாயும் பிள்ளைகளும் நடக்கிறார்கள். பெரிய மர வீடுகள், செதுக்கிய தூண்கள், ஆளில்லை. செத்துப்போன ஓர் உலகத்துக்குள் நுழைந்தது போன்ற தொனி. உண்மையில் ஊர்க்காரர்கள் சால்மன் பிடிக்கவும் மீன் டப்பாக்களில் அடைக்கும் ஆலைகளில் வேலைசெய்யவும் போயிருந்தார்கள். குளிர்காலத்தில் திரும்பி வருவார்கள். வந்தபோதும் பகிரங்கமாகக் கூடிக் கொண்டாட முடியாது. சொத்தைப் பகிர்ந்தளித்து ஆடும் பாட்லாட்ச் சடங்கைக் கனடா 1885 முதல் 1951 வரை சட்டப்படி தடைசெய்திருந்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் ஐலண்டில் டேன் கிரான்மர் நடத்திய பாட்லாட்ச்சுக்காகப் பலர் சிறைக்குப் போனார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிமுதலாகி ஒட்டாவாவுக்கும் டொராண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் போயின. அவற்றில் திரும்பப் பெற்றவற்றை வைக்கத்தான் 1980இல் அலர்ட் பேயில் உமிஸ்டா பண்பாட்டு மையம் திறந்தார்கள். நிதானமாகப் போனால் எல்லாம் கண்ணில் படும் என்று நம்மவர்களும் சொல்வதுண்டு. எந்தப் பருவத்தில் நிதானமாகப் போகிறோம் என்பதும் இருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. சியாட்டிலிலிருந்து கிளம்பும் அலாஸ்கா சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கும். அழகான ஊர் என்பதால் மட்டுமில்லை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச்செல்லக்கூடாது என்று 1886ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆகவே சம்பிரதாயத்துக்கு ஓர் அயல்நாட்டுக் கரை. பயணிகள் இறங்கி, பூந்தோட்டம் பார்த்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். அந்தத் துறைக்குச் சற்று மேற்கே எஸ்க்விமால்ட் கடற்படைத் தளம். 2010 ஆகஸ்ட் 13 அன்று சன் சீ என்ற துருப்பிடித்த சரக்குக் கப்பலை அங்கேதான் கொண்டுவந்து கட்டினார்கள். உள்ளே ஈழத்தமிழர் 492 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. தாய்லாந்திலிருந்து மாதக்கணக்கில் கடலில் வந்தவர்கள். ஒருவர் வழியிலேயே இறந்துபோனார். பலர் பின்னும் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் இருந்தார்கள். ஒரே நீரிணை, ஒரே ஆகஸ்ட் வெளிச்சம். அதில் எந்தக் கப்பல் நின்றால் பூங்கொத்து, எந்தக் கப்பல் நின்றால் முள்வேலி என்பதை ஏற்றவற்ற அட்டவணையில் தேடிப் பயனில்லை.

டெசலேஷனிலிருந்து சர்ஜ் நெரோஸ் சந்து வழியாக, ஓட்டம் அடங்கக் காத்திருந்து, குவாட்ரா தீவின் வையட் குடாவில் நங்கூரமிட்டோம். ஆக்டோபஸ் தீவுகள் என்று படகுக்காரர்கள் கொண்டாடும் இடம். மறுநாள் மதியம் கடல் வெகுவாக வற்றியது. அணியத்தில் நின்ற அந்த அம்மாள் என் மனைவியின் தோளைத் தொட்டு, கரையோரம் நெளிந்து போன ஒரு கல்வரிசையைக் காட்டினார். உருண்டு விழுந்த கற்கள் என்று தோன்றியது. சின்ன ரப்பர் படகில் கிட்டப் போனோம். கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, முழங்கால் உயரத்துக்கு, குடாவின் வளைவைப் பின்பற்றிப் போயின. அதற்கு உள்பக்கம் கரை சரிவாக இல்லாமல் ஒரு மேடைபோலத் தட்டையாக இருந்தது. மணலும் உடைந்த சிப்பித் துணுக்கும் கலந்த தரை. காலை வைத்தால் இங்கும் அங்கும் சிறு நீர்க்கம்பிகள் பீச்சியடித்தன. அடியில் மட்டிகள்.

இது மட்டித் தோட்டம். பாறைகளை உருட்டிக் கடைசி வற்றுக்கோட்டில் அணை கட்டினால், மணல் பின்னால் தேங்கி, மட்டி வளரத் தோதான ஆழத்தில் நிலம் அகலமாகும். 1995இல் ஜான் ஹார்ப்பர் என்ற நிலவியலாளர் கடல் நன்கு வற்றிய நேரத்தில் ப்ராட்டன் தீவுக்கூட்டத்தின்மேல் ஹெலிகாப்டரில் பறந்தபோது இந்த வரிசைகளைப் பார்த்துத் திகைத்தார். இவ்வளவு ஒழுங்காக இயற்கை அடுக்காதே என்று வருடக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டார். குவாகுவாகவக்கு மூத்தவர் ஆடம் டிக்கிடம் கேட்டபோது, அவர் இதற்கென்றே தம் மொழியில் உள்ள பெயரைச் சொன்னார், சின்ன வயதில் கல்லை உருட்டிய பழக்கத்தையும் சொன்னார். பிறகு குவாட்ரா தீவிலேயே ஆராய்ந்தார்கள். சில சுவர்களுக்கு வயது 3,500 ஆண்டுகள். சுவரில்லாத கரையோடு ஒப்பிட்டால் ஒருவகை மட்டி நான்கு மடங்கு, இன்னொரு வகை இரண்டு மடங்குக்கு மேல். கேப்டன் வான்கூவர் பாழ் என்று எழுதிய வட்டாரத்துக்கு ஒரு நாள் படகுத் தூரத்தில் இவ்வளவு விவசாயம்.

அவர் பார்க்காததற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. கடல் கடைசிவரை வற்றும்போதுதான் சுவர் வெளியே தெரியும். கோடையில் அந்த வற்றம் பகலில் வரும், ஆனால் அப்போது தோண்டப் பெரும்பாலும் ஆள் வராது; குளிர்காலத்தில் நடுராத்திரியில் வரும். இந்த மக்கள் மட்டி தோண்டுவது பெரும்பாலும் குளிர்கால ராத்திரிகளில், விளக்கைப் பிடித்துக்கொண்டு. கோடையில் மட்டிக்குள் நச்சுப்பாசியின் விஷம் சேரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வான்கூவரின் ஆட்களுக்குத் தெரியவில்லை. 1793 ஜூனில் வடக்கே ஒரு குடாவில் காலை உணவாகச் சிப்பி சுட்டுத் தின்றார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி மதியத்துக்குள் செத்துப்போனார். பாய்சன் கோவ், கார்ட்டர் பே என்று இரண்டு பெயர்கள் வரைபடத்தில் ஏறின. நாங்களும் அன்று மட்டியைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. அந்தப் பகுதியில் எடுக்கக்கூடாது என்று மீன்வளத் துறையின் தடை இருந்தது.

இந்தக் கடலைப் பற்றி மிக நன்றாக எழுதப்பட்ட உரைநடை என்று நான் நினைப்பது ஜோனதன் ரேபனின் 'பேசேஜ் டு ஜூனோ', 1999இல் வந்தது. மனைவியையும் சின்ன மகளையும் சியாட்டிலில் விட்டுவிட்டுத் தனியே பாய்மரப் படகில் போகிறார். வான்கூவரின் நாட்குறிப்பை அக்கக்காகப் பிரிக்கிறார், நீர்ச்சுழிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஜூனோவுக்கு விமானத்தில் வந்து சேரும் மனைவி, பிரிந்துவிடலாம் என்கிறார். நானூறு பக்கங்களுக்கு மேல் போகும் புத்தகத்தில் அந்தப் பெண் சொல்வது ஏறக்குறைய அது ஒன்றுதான். தண்ணீரை அப்படிப் படித்த ஒரு மனிதர்.

எங்கள் நண்பர்களுக்குள்ளும் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வடக்கே, கேப் காஷன் முனையைத் தாண்டி, தீவுகளின் மறைப்பில்லாத திறந்த கடலில் ஒரு பகல் ஆடிக் குலுங்கி, உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஜூனோ போய்விடவேண்டும். வரைபடங்கள் வாங்கியாயிற்று. அந்த அம்மாள் அடுத்த வருட அட்டவணையில் ஜூன் மாதத்துப் பெரிய வற்றங்களைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். அந்த நாட்களில் வையட் குடாவை விட்டு நகரப்போவதில்லை என்றார். இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

"நான் அவங்களோட இங்கேயே இருந்துக்கறேன்," என்றாள் என் மனைவி. "நீங்க வேணா அவரோட போய்ட்டு வாங்க. ஆனா நங்கூரத்தை யார் போடுவாங்க?"

அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எஞ்சினில் எண்ணெய் பார்க்கப் போனார்.